பிரிக்காத கவர்

"புகார வாபஸ் வாங்கிக்கிறேன் சார். எம் பொண்ணு காலேஜ் வாசல்ல மட்டும் ஜீப்ப நிறுத்தாதீங்க" என்றாள் அம்மணி.

விழுப்புரம் சுற்றுலா மாளிகை வராந்தாவில், பத்துப் பேர் பார்க்க, கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள். சப் இன்ஸ்பெக்டர் பாண்டுரங்கன் கால் மேல் போட்ட காலை இறக்கவில்லை.

"இத்த மூணு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா உனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் பேஜாரு இல்ல. போலீஸ்காரன் மேலயே புகாரு! இன்னா கொழுப்பு உனக்கு?"

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், பம்புசெட் மோட்டார் திருடியதாகச் சந்தேகம் என்று சொல்லி அம்மணியின் கணவன் சவுரிராயனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். மறுநாள் காலையில் அவன் திண்டிவனம் ரோட்டோரத்தில் கிடந்தான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை.

போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்துக்கு அம்மணி எழுதிப் போட்டாள். பாதுகாப்பும் கேட்டாள். பாதுகாப்பு வந்தது, அடித்த அதே ஸ்டேஷனிலிருந்து! தினமும் ஒரு போலீஸ்காரர் வாசலில் வந்து நின்று, "பொண்ணு எத்தினி மணிக்கு வூட்டுக்கு வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன விசாரணையில் பாண்டுரங்கன் எழுத்து மூலமாகவே கொடுத்துவிட்டார். சவுரிராயன் என்ற ஆள் எங்கள் ஸ்டேஷன் படியை மிதித்ததே இல்லை, குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்திருப்பான் என்று. பதிவேட்டில் பெயர் இல்லை. ஸ்டேஷன் கேமராவுக்கோ சரியாக அந்த வாரம் பார்த்து உடம்பு சரியில்லை.

"ஸ்டேஷனுக்குள்ள கொண்டுபோனதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று ஆணையத் தலைவர் கேட்டபோது அம்மணியால் அழ மட்டும்தான் முடிந்தது. இன்றைக்கு இதே மாளிகையில் கடைசி விசாரணை.

பாண்டுரங்கன் டைப் அடித்த காகிதத்தை நீட்டினார். "இதுல கையெழுத்து போடு. ஜல்தி."

"நேத்து போன்ல ஒண்ணு கேட்டேனே சார்... அவரு அர்ணாக்கொடி."

லாக்கப்பில் போடும் முன் பெல்ட், கயிறு, இடுப்பில் கட்டிய அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொள்வது ஸ்டேஷன் வழக்கம். ஆள் தூக்கு மாட்டிக்கொண்டுவிடக் கூடாதாம். அவர்கள் கையால் என்ன ஆனாலும் பரவாயில்லை, அவனாகச் செத்துவிடக் கூடாது!

"எங்கம்மா கல்யாணத்துல போட்ட வெள்ளி சார். அது இடுப்ப விட்டுப் போனதுலேர்ந்துதான் அவரு எழுந்துக்கவே இல்ல."

"ஏசுவக் கும்புட்டுக்கினு இந்த நம்பிக்கை வேறயா?" பாண்டுரங்கன் பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார். ஃபைலுக்குள்ளிருந்து பின் அடித்த காக்கிக் கவர் ஒன்றை எடுத்து, ஓரத்தைக் கிழிக்கப் போனார்.

"ஐயோ, பிரிக்காதீங்க சார்! எடுத்து வெச்சது எடுத்து வெச்சபடியே அவரு கையில குடுக்கணும்."

"எப்படியோ போ. ஒழிஞ்சா சரி." கவரை அவளிடம் விட்டெறிந்தார். புகாரே இல்லை என்றான பிறகு எது யாரிடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு.

அம்மணி அதைப் பையில் போட்டுக்கொண்டு பேனாவை வாங்கினாள். அதற்குள் உள்ளேயிருந்து ஆபீஸ் உதவியாளர், "சவுரிராயன் சம்சாரம் அம்மணி!" என்று கூப்பிட்டார்.

"ஐயா முன்னாடியே போடு, இன்னும் நல்லது" என்றபடி எழுந்த பாண்டுரங்கன், குரலைத் தாழ்த்தினார். "உள்ள வந்து அழுதுகிழுது வெச்ச, நாளைக்கு ஜீப்பு வாசல்ல நிக்காது. உன் வூட்டுக்குள்ளயே வரும்."

உள்ளே, ஓய்வுபெற்ற நீதிபதியான தலைவர் கட்டுக்கட்டான ஃபைல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பாண்டுரங்கன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "வாபஸ் வாங்குறாங்க ஐயா. சமாதானமாப் போயிட்டாங்க."

தலைவர் முகம் கடுத்தது. "ஏம்மா, மூணு மாசமா எல்லாரையும் அலைய வெச்சிட்டு இப்ப வாபஸா? யாராவது மிரட்டினாங்களா?"

அம்மணி பையிலிருந்து கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

தலைவர் கவரைத் திருப்பினார். ஸ்டேஷன் முத்திரைக்குக் கீழே நீல மையில் எழுதியிருந்ததை வாய்விட்டே படித்தார். "சவுரிராயன். வெள்ளி அரைஞாண் ஒன்று. லாக்கப்பில் வைக்கும் முன் கழற்றியது. இரவு எட்டே கால்." தேதியையும் படித்தார். சவுரிராயனை ஜீப்பில் ஏற்றிய அதே தேதி.

பாண்டுரங்கன் எட்டிக் கவரைப் பார்த்தார். ஸ்டேஷன் ரைட்டர் எழுதி வைப்பதை அவர் என்றைக்கும் படித்ததில்லை, கீழே கையெழுத்து மட்டும் போடுவார். இதிலும் போட்டிருந்தார்.

"இது உனக்கு எப்படிம்மா கிடைச்சுது?" என்றார் தலைவர்.

"நீங்க ஆதாரம் கேட்டீங்கன்னு சாரே கொண்டாந்து குடுத்தாருங்க."