மறைப்பில்லாத நகல்

மகன் மூச்சடைத்துச் செத்த கழிவுத்தொட்டிக்குள் அவனை இறங்கச் சொன்னது யார் என்று, மூட்டை தூக்குகிற தகப்பன் விசாரணை அறிக்கையை அலுவலக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டித் தேடுகிறார். பெயர் வர வேண்டிய இடமெல்லாம் கருப்பு மைப்பட்டை. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. "முழு நகல்தானேம்மா கேட்டேன்?" "நாப்பது பக்கமும் இருக்கே, பெரியவரே. 'மறைப்பில்லாத நகல்'னு எழுதியிருக்கணும்," என்கிறாள் எழுத்தர். "அந்த ஒரு வார்த்தைக்கா மூணு மாசமா செருப்பு தேய நடந்தேன்? முறையீட்டுக்கு நாளையோட கெடு முடியுதேம்மா!" அவள் புது மனுவை நகர்த்துகிறாள். அதில் 'மறைப்பில்லாத' என்று எழுத 'ம' போட்டவரின் கண்ணில், திறந்து கிடக்கும் கடைசிப் பக்கத்தில் மை படாத ஒரே பெயர் படுகிறது. மகன் பெயர், பக்கத்தில் 'சொந்தக் கவனக்குறைவு'. "இவன் பேரை மட்டும் ஏம்மா மறைக்கல?" மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. அவள் நிமிராமலே சொல்கிறாள்: "செத்தவங்க பேரை மறைக்கத் தேவையில்லைங்க."