ஓடும் நிலையில்

"ஏம்மா, கிழட்டுக் கழுதை முதுகுல யானையை ஏத்தச் சொல்றீங்களே!" என்று மெக்கானிக் முகத்தைச் சுளித்தார்.

எதிரே நின்ற பெண்மணி அசையவில்லை. அந்த அரதப்பழைய காருக்குப் புத்தம்புது இன்ஜின் வேண்டுமாம். ஆனால், பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாற்றக் கூடாதாம். பணம் இருக்கிறவர்களுக்கு மூளை முழங்காலில்தான் என்று அவர் மனதுக்குள் காறித் துப்பினார்.

"புது இன்ஜினோட இழுவையை அது தாங்காதும்மா. ஊருக்குள்ள ஓடும். மலைப்பாதையில ஏத்தினா கியர்பாக்ஸ் கருகி, வண்டி அப்படியே படுத்துக்கும்."

"நிச்சயமாப் படுத்துக்குமா?"

"அதுல என்ன சந்தேகம்?"

"உள்ள இருக்கறவங்களுக்கு ஆபத்து வருமா?"

"உயிருக்கு ஒண்ணும் ஆகாது. இறங்கித் தள்ளணும். மானம்தான் போகும்."

"அப்ப மாட்டிடுங்க."

அவருக்குப் பொறுமை போய்விட்டது. "எத்தனை தடவை சொல்றது? நடுரோட்டுல தள்ளப்போறது நீங்கதாம்மா!"

"நான் ஏன் தள்ளணும்?" முதன்முறையாக அவள் சிரித்தாள். "விவாகரத்துத் தீர்ப்புல இந்தக் கார் என் புருஷனுக்குப் போயிடுச்சு. புது இன்ஜின் போட்டு, ஓடற நிலையில குடுத்தே ஆகணும்னு கோர்ட்ல சண்டை போட்டு வாங்கினார். கியர்பாக்ஸைப் பத்தி அந்தப் புத்திசாலி மூச்சே விடலை. அடுத்த மாசம் புதுப் பெண்டாட்டியோட மலைக்குப் போறாராம்."

மெக்கானிக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"இதைவிடப் பெரிய இன்ஜின் ஒண்ணு இருக்கு. பார்க்கறியா, தங்கச்சி?"