பார்க்கும் அனுமதி

எர்ணாகுளம் கிளப்பின் உறுப்பினர் இணையதளம் உள்ளே விடாததால், ராதாமணி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"இருபது வருஷமா என் சிநேகிதிங்க எல்லாரும் இங்கதான், மோளே. என்னைத் திரும்பச் சேர்த்துவிடேன்."

பதிவுகளைக் கவனிக்கும் ஷீபா தலை நிமிரவில்லை. "மனைவிங்கிற முறையில கிடைச்ச அனுமதி அது, சேச்சி. முதன்மை உறுப்பினர் சசி சார். அவரே உங்க பேரை எடுத்துட்டார், நான் என்ன செய்ய?"

"விவாகரத்து ஆகி ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள என் இடத்துல யார் பேரைப் போட்டிருக்கார்?"

"அதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்ல."

"உனக்கு இருக்கில்ல? சொல்லேன்."

"சொன்னா என் வேலை போயிடும், சேச்சி."

"வேண்டாம் மோளே, என்னால உனக்கு எதுக்குக் கஷ்டம்?" ராதாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஷீபா, ஒப்புதலுக்குக் காத்திருந்த சசியின் விண்ணப்பத்தைத் திறந்தாள். 'மனைவி' என்ற இடத்தில் தன் பெயரிலிருந்த எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, அனுமதி வழங்கினாள்.