குறுக்கே வந்த வெள்ளைக்காரர்

கேமரா ஸ்டாண்டால் மனிதனை அடிக்கவும் முடியும் என்பதை மிலோஷ் அன்றைக்குத்தான் பார்த்தார். மேடையில் நின்ற மொட்டைத்தலையன் அதை இரண்டு கையாலும் ஓங்கி, கீழே கிடந்த இளைஞனின் முதுகில் இறக்கினான். கூட வந்த கறுப்புச் சட்டைக்காரன் பூட்ஸ் காலால் அவன் விலாவில் மிதித்தான்.

"எங்க அண்ணனையே காட்டிக் குடுத்தியாடா? உயிரோட வீடு போய்ச் சேர்ந்துடுவியா நீ?"

ஷாங்காயில் கேமராக் கம்பெனிகள் வருஷா வருஷம் கடை விரிக்கும் கண்காட்சிக் கூடம் அது. மேடையைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஒருவர்கூடத் தடுக்கப் போகவில்லை. முண்டியடித்துக்கொண்டு படம்தான் எடுத்தார்கள்.

மிலோஷ் பெல்கிரேடில் கேமராக் கடை வைத்திருப்பவர். என்ன ஜனங்கள் இவர்கள்! சரக்கு வாங்க அடிக்கடி வந்து போனதில் சீன மொழி அவருக்கு ஓரளவு பழகியிருந்தது.

"விடுடா அவனை! செத்துடுவான்!" என்று கத்திக்கொண்டே மேடையில் தாவி ஏறி, மொட்டைத்தலையனின் கையைப் பிடித்தார். முழங்கையால் வாயில் ஓர் இடி விழுந்தது. பல் ஒன்று உடைந்து நாக்குக்கு வந்தது. நிலைதடுமாறி, காப்பாற்றப் போனவன் மேலேயே தொப்பென்று விழுந்தார். நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. அடியில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

கூட்டத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடித்தவர்கள் மேல் அல்ல, மிலோஷ் மேல்.

"யோவ் வெள்ளைக்காரா, குறுக்கே நிக்காதய்யா!"

"நல்ல நேரத்துல வந்து படத்தைக் கெடுத்துட்டானே, பாவி!"

காவலாளி ஓடி வந்து, மிலோஷின் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டான். கழுத்தில் முழ நீள லென்ஸ் தொங்கவிட்டிருந்த பெரியவர் ஒருவர், வாயைத் துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்தார். கோங் என்று பெயர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஊருக்குப் புதுசா தம்பி? இது ஷோப்பா! இந்தக் கம்பெனிக்காரன் வேகமா நடக்கறதைப் படம் பிடிக்கற கேமரா விக்கறான். நாம எடுத்துப் பார்க்கணுமில்ல? அதுக்குன்னு மூணு பசங்களை வெச்சு தினம் அடிச்சுக்க விடறான்."

"ரத்தம் வருதே ஐயா?"

"வராம? நேத்திக்குக் குடலே வந்துச்சு. பன்னிக் குடல்!" பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு மேடையை அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தார். "இன்னிக்கு ஒரு லைட்டைக்கூடப் போடாம விட்டுட்டானுங்க. படமெல்லாம் இருட்டாத்தான் வரப்போவுது."

மேடையில் கறுப்புச் சட்டைக்காரன் கத்தியை உருவினான். இளைஞன் தவழ்ந்து தவழ்ந்து விளிம்புக்கு வந்து, கூட்டத்தை நோக்கிக் கையை நீட்டினான்.

"யாராவது போலீஸைக் கூப்பிடுங்க..."

"அப்படியே இரு! முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பு!" என்றார் கோங், லென்ஸைத் திருகியபடி.

கத்தி தொடையில் இறங்கியது. இன்னொரு முறை விலாவில் இறங்கியது. இளைஞன் குப்புறச் சரிந்தான். கூட்டம் கைதட்டியது. மொட்டைத்தலையன் மூச்சு வாங்கியபடி எல்லோரையும் பார்த்துத் தலை குனிந்து வணங்கியதும், தட்டல் இன்னும் பலத்தது.

மிலோஷுக்கு அவமானத்தில் காது சுட்டது. அடுத்த நொடி வேறொன்று உறைத்தது. கூட்டம் கலைய ஆரம்பித்தும் இளைஞன் எழுந்திருக்கவில்லை. அந்த மளுக்கென்ற சத்தம்! ஐயோ, பிழைப்புக்காக நடிக்க வந்த பிள்ளையை நானே முறித்துவிட்டேனா?

ஓடிப்போய் அந்த ஊர் வழக்கப்படி சிகரெட் பாக்கெட்டை இரண்டு கையாலும் நீட்டி, முதுகை வளைத்துக் குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க தம்பிகளா. தெரியாம நடுவுல பூந்துட்டேன். நான் மேலே விழுந்ததுலதான் பையனுக்கு ஏதோ ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நானும் தூக்கறேன்."

மொட்டைத்தலையன் ஒரு சிகரெட்டை உருவிக் காதில் செருகிக்கொண்டான். "பரவாயில்லண்ணே. காலைப் பிடிங்க."

மிலோஷ் காலைப் பிடித்தார். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று காவலாளியே முன்னால் நடந்தான். பின்வாசலில் நின்ற வேனுக்குள் கிடத்தும்போது இளைஞன் கண்ணைத் திறந்தான். மிலோஷின் சட்டைக் கையை இறுகப் பற்றிக்கொண்டான். உதடு அசைந்தது, குரல் எழவில்லை.

"பயப்படாதே கண்ணு. உன் கூட்டாளிங்கதானே கூட்டிட்டுப் போறாங்க" என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார் மிலோஷ். வேன் புறப்பட்டது. கண்ணில் தண்ணீர் முட்ட, அது திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கம்பெனி மேலாளரை விசாரித்துக்கொண்டு போனார். ஷுவே என்ற அந்த அம்மாள் கூடத்துக்கு வெளியே, படிக்கட்டு நிழலில் சோற்று டப்பாவும் குச்சியுமாக உட்கார்ந்திருந்தார்.

"மேடம், உங்க ஷோவை நான்தான் கெடுத்துட்டேன். அடிபட்ட பையனோட வைத்தியச் செலவு மொத்தமும் என் பொறுப்பு."

ஷுவே மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். திரும்பித் தனக்குப் பின்னால் படியில் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"யாருக்கு அடிபட்டுச்சு? எங்க பசங்க மூணு பேரும் இதோ சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்களே!"