முகம் பார்த்த பிறகு

பையின் உள்ஜிப்பை அவள் இன்னும் திறக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் பெண் அதிகாரி காத்திருந்தார். அவளுடைய பாஸ்போர்ட்டில் இருந்த இரண்டு முத்திரைகளைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். பாரிஸிலிருந்து புறப்பட்ட நாள். திரும்பி வந்த நாள்.

நடுவில் ஏழு மாதம்.

பக்கத்து நாற்காலியில் அவன். புதுச்சேரியில் அவளுக்குத் தாலி கட்டிய பிரெஞ்சுக் குடிமகன். அவன் மனைவி என்பதால்தான் அவளுக்கு இந்த நாட்டில் இருக்க இடம். அந்த அனுமதி அடுத்த வாரம் முடிகிறது. நீட்டிக்காவிட்டால் அவள் போக வேண்டும்.

"ஏழு மாசம் புருசனை விட்டிட்டு ஏன் அங்க நிண்டனீங்கள் எண்டு கேக்கிறா," என்றார் மொழிபெயர்க்க வந்திருந்த அம்மாள். யாழ்ப்பாணத்துக்காரர். "நீங்கள் ரெண்டு பேரும் உண்மையாச் சேந்து வாழுறனீங்களோ எண்டு சந்தேகப்படுகினம்."

"தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன்."

பதில் பிரெஞ்சில் போய்ச் சேர்ந்தது. அதிகாரி தன் முன்னால் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

பிள்ளைகள்: இல்லை.

இன்று காலை அவன் நிரப்பியது. பேனா அந்த இடத்தில் வெகுநேரம் நின்றதை அவள் அடுப்பருகிலிருந்து பார்த்தாள்.

அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டை போறதெல்லாம் இவைக்கு விளங்காது, பிள்ளை. நான் எவ்வளவு சொன்னாலும் கதையெண்டுதான் நினைப்பினம். கடதாசி ஏதும் இருக்கோ?"

இருந்தது.

உள்ஜிப்பில். அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது.

"இங்கேயே பெத்துக்கலாமே, ஆஸ்பத்திரி நல்லா இருக்கு," என்று அவன் அன்று ஒரே ஒரு முறை சொன்னான். அவள் அம்மா போனில் ஒப்புக்கொள்ளவில்லை. "தலைச்சன் பிள்ளைய அங்கயா பெத்துக்குவ? ஊரு என்னைக் காறித் துப்பும்."

இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்களோடு அவள் விமானம் ஏறினாள்.

பெண் குழந்தை என்று இங்கே ஸ்கேனிலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் தினமும் போனில் பெயர்ச் சண்டை. அவளுக்குத் தாமரைச்செல்வி. அவனுக்கு மீரா.

"நீ சொல்ற பேரைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பள்ளிக்கூட மணி அடிச்சிடும்," என்று சிரிப்பான். ஒருநாள் அவனே சமாதானத்துக்கு வந்தான். "நான் வர்றேன். முகத்தைப் பார்த்துட்டு வைக்கலாம்."

அவனுடைய டிக்கெட் தேதிக்கு மூன்று வாரம் முன்பே குழந்தை வந்துவிட்டது.

நான்கு நாள் இருந்தது.

உடனே கிளம்புகிறேன் என்றவனிடம் அவள்தான் சொன்னாள். "இனிமே வந்து எதைப் பாக்கப் போறீங்க."

அவன் வரவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு தாய் வீட்டில் மூன்று மாதம். அது வழக்கம். குழந்தை இல்லாமலே அவள் அந்த மூன்று மாதத்தை இருந்தாள். அதற்கு மேலும் இருந்தாள். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒருமுறையாவது கேட்டுவிடுவான் என்று காத்திருந்தாள். அவன் தினமும் போன் செய்து, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டான்.

திரும்பி வந்த பிறகும் அது ஒன்றுதான் கேட்கிறான்.

அதிகாரி மணி பார்த்தார்.

அவள் ஜிப்பைத் திறந்தாள். தம்பி ஆஸ்பத்திரியில் எடுத்த புகைப்படத்தை விரலால் ஆழத் தள்ளினாள். நான்காக மடித்த பிறப்புச் சான்றிதழை எடுத்தாள். அதோடு சேர்த்துப் பின் அடித்த இன்னொரு சான்றிதழும் வந்தது. பிரித்து மேசையில் வைத்தாள்.

அவன் பக்கம் திரும்பவில்லை. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது மட்டும் கேட்டது.

அம்மாள் வாசித்துப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது தாளில் குரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

அதிகாரி ஒரு தேதியைப் பார்த்தார். பிறகு மற்றொரு தேதியை. மெல்ல ஏதோ கேட்டார்.

"பேர் எழுதுற இடம் வெறுமையாக் கிடக்காம். பிள்ளைக்குப் பேர் வைக்கேல்லையோ எண்டு கேக்கிறா."

அவள் வாய் திறப்பதற்குள் அவன் சொன்னான்.

"தாமரைச்செல்வி."

அதிகாரிக்குப் பிடிபடவில்லை. அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான். ஒவ்வோர் எழுத்தையும் அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னான். நீளமான பெயர்.

எங்கேயும் மணி அடிக்கவில்லை.

அதிகாரி படிவத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். அவன் 'இல்லை' என்பதைக் கோடு போட்டு அடித்தான். மேலே 'ஒன்று' என்று எழுதினான்.

முத்திரை விழுந்தது.

"நீங்கள் இஞ்ச இருக்கலாமாம், பிள்ளை," என்றார் அம்மாள்.

அவள் சான்றிதழ்களை மடித்து மறுபடி உள்ஜிப்பில் வைத்து மூடினாள்.

வெளியே, பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருவரும் உட்கார்ந்தார்கள். மதியம் தாண்டியிருந்தது. அவன் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

சாலையைப் பார்த்தபடியே உள்ளங்கையை விரித்து, அவள் மடியில் இருந்த பைமேல் வைத்தான்.

அவர்களுடைய பேருந்து வந்தது. கதவு திறந்து மூடியது. போனது.

அவள் புகைப்படம் இருந்த உள்ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

அவன் கையை எடுக்கவில்லை.