கறுப்பு ஷூ

ஞாயிறு பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்க நாகர்கோவிலிலிருந்து பத்து நாட்களுக்கு ஆப்பிரிக்காவின் மலாவிக்கு வந்திருந்த கனகமணி டீச்சர், ஊரில் செய்வது போலவே ஆலயத்துக்குள் வெறுங்காலோடுதான் போனார். தங்கிய அறை ஆலயத்தை ஒட்டியே இருந்ததால் செருப்பு அறையிலேயே கிடந்தது. அங்குள்ளவர்களோ ஷூ அணிந்தே ஆலயத்துக்கு வருபவர்கள்.

ஐந்தாம் நாள் காலை, பயிற்சிக்குத் தினமும் இரண்டு மணி நேரம் நடந்து வரும் தியாமிகே என்ற உள்ளூர் ஆசிரியை தன் கறுப்பு ஷூவைக் கழற்றித் துடைத்து டீச்சரின் காலடியில் வைத்து ஏதோ சொன்னாள்.

"அக்கா, ஒங்களுக்குச் செருப்பு வாங்க வழியில்லன்னு நெனச்சிட்டாவ," என்றான் அங்கே மூன்று வருடமாக ஊழியம் செய்து அவர்கள் மொழி பழகியிருந்த ரூபஸ். "இவங்களுக்கு வேற சோடி கெடையாது. ரூம்ல செருப்பு கெடக்குன்னு சொல்லிரவா?"

"வாய மூடுல. இத்தன பேருக்கு முன்னால அவ கூனிக் குறுகிப் போவா. மொதல்ல போட்டுக்கிடுதேன், பொறவு பாப்போம்."

ஷூ அளவில் சிறியது. விரல்களை மடக்கி நுழைத்துக்கொண்டு, வாழ்வில் முதல் முறையாகக் காலணியோடு பீடத்தருகே நின்று டீச்சர் பாடம் தொடங்கினார்.

கடைசி பெஞ்சில் தியாமிகே தன் வெறுங்கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் ஷூவை மெல்லக் கழற்றினாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் கழற்றினாள்.

முடிவு ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்தபோது ஷூக்கள் பெஞ்சுகளுக்கு அடியில் கிடந்தன. ஆலயத்தில் டீச்சர் ஒருவர்தான் ஷூவோடு நின்றிருந்தார்.