ஆலைக் குழியில் அக்கா

தண்ணீர் திறக்கப்போவதாக அணையில் சங்கு ஊதுகிறது. ஆற்றங்கரையில், நூறு வருடங்களுக்கு முன் தண்ணீரால் ஓடிய மாவு ஆலையின் சக்கரக் குழிக்குள் அக்கா இறங்கியிருக்கிறாள். பழைய கட்டடங்களை அளந்து பதிவு செய்வது அவள் வேலை. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி மேலே நிற்கிறாள் தங்கை. "அக்கா, ஏறி வந்துடு! தண்ணி கலங்குது!" "இருடி, கல்லுல ஏதோ செதுக்கியிருக்கு. ஒரே ஒரு போட்டோ." தெளிந்து ஓடிய ஆறு செம்மண் நிறமாகி, நுரையோடு குழிக்குள் நுழைகிறது. கீழே டார்ச் வெளிச்சம் சுவரில் தள்ளாடி அணைகிறது. "அக்கா!" இழுத்த நாடா வெறுமனே வருகிறது. தங்கை குழியின் விளிம்பில் குப்புறப்படுத்து இருட்டுக்குள் கையை நீட்டுகிறாள். சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டை இறுகப் பற்றுகின்றன. கரையேறிய அக்கா, "ஓடுடி," என்கிறாள். அந்தக் குரல் நடுங்கித் தங்கை ஒருநாளும் கேட்டதில்லை.